உப்பு ஐஸும் பத்தொன்பது பிள்ளைகளும்

கிறிஸ்ரியை ஊரில் ‘டிகிரி கிறிஸ்ரி’ என்றுதான் நக்கலடிப்பார்கள். கரையோரத்துச் சிறிய கிளினிக்கில் அவர் ஊழியர். குழந்தைகளின் தடுப்பூசி மருந்து இருக்கும் பிரிஜ் எத்தனை டிகிரியில் நிற்கிறதென்று காலையும் மாலையும் பார்த்து எழுதுவது பதினொரு வருடமாக அவர் பொறுப்பு. புயலடித்த நாளிலும் தாளில் ஒரு கட்டம் வெறுமையாய்க் கிடந்ததில்லை. மனிசனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இரண்டுக்கும் எட்டுக்கும் இடையில் நிற்கவேண்டும். உறைந்தால் மருந்தின் வீரியம் போய்விடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வெப்பமானி சரியா என்று ஆறு மாதத்துக்கொருமுறை சோதிப்பார். நொறுக்கிய ஐஸில் தண்ணீர் விட்டு, அதன் வயர் நுனியை உள்ளே வைத்தால் பூச்சியம் காட்டவேண்டும்.

இந்தமுறை கிளினிக்கில் ஐஸ் இல்லை. தம்பி வின்சன்ற்றின் வள்ளம் அப்போதுதான் கரைக்கு வந்திருந்தது. மீன்பெட்டியிலிருந்து ஒரு பை அள்ளிக்கொண்டு வந்தார். வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே மூன்று காட்டியது. மூன்று குறைத்துக் காட்டுகிறது என்று முடிவுகட்டினார். அப்படியென்றால் ஐந்தில் நிற்கும் பிரிஜ் உண்மையில் எட்டு! பிரிஜின் திருகைத் திருப்பி, வெப்பமானி ஒன்று காட்டும்வரை இறக்கிவிட்டு, உண்மையில் நாலில் நிற்கிறதென்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

பதினெட்டு நாள் கழித்து, பூசை முடிந்து வரும்போது வின்சன்ற் சிரித்துக்கொண்டு கேட்டான்.

“அண்ணை, அண்டைக்குக் கொண்டுபோன ஐஸைப் போட்டு ஒருத்தரும் ஒண்டும் குடிக்கேல்லையே? மீன் விறைக்கவெண்டு உப்பு அள்ளிப் போட்டனான்.”

உப்புப் பட்ட ஐஸ் கூடக் குளிரும் என்று கடற்கரையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிறிஸ்ரிக்குத் தெரியாமலா? அது மீன்பெட்டி ஐஸ் என்பதைத்தான் யோசிக்கவில்லை. ஓடிப்போய் நல்ல ஐஸில் திரும்பச் சோதித்தார். பூச்சியம். வெப்பமானி சரி, பிரிஜ்தான் இத்தனை நாளும் ஒன்றில் நின்றிருக்கிறது. அதன் பின்வரிசையில் மருந்துக் குப்பிகளைச் சுற்றி மெல்லிய பனி படிந்திருந்தது. அந்தப் பதினெட்டு நாளில் ஊசி போட்டது பத்தொன்பது பிள்ளைகளுக்கு.

கை திருகுக்குத்தான் முதலில் போனது, உள்ளதைச் சொல்லவேண்டும். ஐந்துக்கு ஏற்றிவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. பென்சனுக்கு இன்னும் இரண்டே வருடம். திருகைத் தொடாமல் கதவைச் சாத்தினார். பிறகு டாக்குத்தர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

“நீங்களோ இப்பிடி, கிறிஸ்ரி அண்ணை?” என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா. ஏசியிருந்தால் இவ்வளவு நொந்திருக்காது. மருந்து முழுவதையும் ஒதுக்கி, பத்தொன்பது பேருக்கும் திரும்ப ஊசி போடச் சொன்னார்.

கிளினிக் மருத்துவிச்சியே தாய்மாருக்குப் போனில் சொல்லியிருப்பாள். கிறிஸ்ரி விடவில்லை. சைக்கிளில் வீடு வீடாகப் போய், வாசல் படலையில் நின்று, தன் பிழையைத் தன் வாயால் சொன்னார். சிலர் ஏசினார்கள், ஒருத்தி கதவைச் சாத்தினாள். கடைசி வீடு மண்கும்பானில், நாகபூசணியின் வீடு. முந்தின ஊசி வீக்கம் இப்போதுதான் வற்றிய குழந்தை அவள் இடுப்பில் இருந்தது.

“திரும்பவும் குத்தவேணுமோ?” அவள் கண் கலங்கிவிட்டது. குழந்தையைத் தடவிக்கொண்டே கேட்டாள். “அண்ணை, நீங்கள் சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?”

“தெரிஞ்சிராது பிள்ளை,” என்றார் கிறிஸ்ரி. “அதாலதான் வந்தனான்.”