முதல் மடிப்பு

பனகல் பூங்காவைத் தாண்டும்போதே சீதா ஆட்டோவில் கொண்டை ஊசிகளை உருவத் தொடங்கிவிடுவாள். அடுத்து வளையல், முந்தானை ஊக்கு. எல்லாம் சுருக்குப் பைக்குள் போகும். மெட்டியை மட்டும் தொடமாட்டாள். விமான நிலையம் வருவதற்குள் கூந்தல் தோளில் புரளும். பக்கத்தில் கணவர் வைரவன் பையை விரித்துப் பிடித்திருப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் அங்கே உலோகச் சோதனைக் கருவி அலறும். அவள் உடுத்தியிருக்கும் பட்டின் ஜரிகைக் கரை அப்படி. திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் இடுப்பைத் தடவுவார்கள், கொசுவத்தை உதறச் சொல்வார்கள். முகம் சிவந்து வெளியே வருவாள்.

"பேசாம பருத்தியில வாயேன்," என்பார் வைரவன்.

"பட்டு விக்கிறவ பருத்தியில போய் நின்னா எவ நம்புவா? கத்தட்டும். அசல் ஜரிகைன்னு ஊருக்கே சொல்லுதுல்ல."

தியாகராய நகரில் அவர்கள் பட்டுக் கடைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

வெளியூர்க் கல்யாணமென்றால் கூறைப்புடவையைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பாள். முனைகளில் மஞ்சள் தடவிச் சாமி முன் வைத்த புடவை. மணப்பெண் கைதான் அதை முதலில் பிரிக்க வேண்டும். அன்று புனேயில் காத்திருந்தவள் தாயில்லாப் பெண். "மடிப்புக் கலையாம உன் கையில தருவேன் தாயி" என்று தொலைபேசியில் வாக்குக் கொடுத்திருந்தாள் சீதா.

எக்ஸ்ரே கருவியில் கூறைப்புடவைப் பெட்டி நின்றுவிட்டது.

"ஒரே கறுப்பா தெரிதும்மா. பிரிச்சுக் காட்டணும்," என்றாள் காவலர் ஷண்முகப்ரியா.

"பூரா ஜரிகைம்மா. வேணும்னா என்னை இன்னொரு தரம் தடவிப் பாத்துக்க. பொடவையப் பிரிக்காத."

"பிரிக்காம விட்டா என் வேலை போயிடும்மா."

புனே விமானத்துக்குக் கடைசி அழைப்பு ஒலித்தது. சண்டைக்குக் கிளம்பிய வைரவனின் கையைப் பிடித்து நிறுத்தினாள் சீதா. கண்கள் நிரம்பியிருந்தன, குரல் நடுங்கவில்லை.

"உனக்குப் பொண்ணு இருக்காம்மா?"

"இருக்கா. ஸ்கூல் படிக்கிறா."

"அவ கல்யாணத்துக்குப் பிரிக்கிறதா நெனச்சுக்க. மனசார வாழ்த்திட்டுப் பிரி."

இத்தனை காலம் கூடவே வாழ்ந்தும் இந்த மனுஷியைத் தான் முழுதாகப் பார்த்ததில்லை என்று வைரவனுக்குத் தோன்றியது.

ஷண்முகப்ரியா கையுறைகளைக் கழற்றினாள். ஒரு நொடி கண்ணை மூடினாள். ஊரார் செருப்பும் பெல்ட்டும் கிடந்த அந்த மேசையில் பட்டு படாதிருக்க, சீதா தன் இரண்டு கைகளையும் அதற்கு மேலே ஏந்தி நீட்டினாள்.