திமிங்கலம் பார்த்த மறுநாள்

கருகிய எண்ணெயும் ஊறிய தோலும் கலந்தது போன்ற அந்த வாடை, இரண்டு முறை துவைத்த பிறகும் அப்பாவின் சட்டையை விட்டுப் போகவில்லை. பழவேற்காட்டுக்கு வடக்கே ஒரு திமிங்கலம் செத்து ஒதுங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், தூங்காமல், சர்ச்சுக்கும் அனுப்பாமல், எங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை ஒட்டிய வாடை அது. எனக்குப் பத்து வயது. தங்கை மெர்சிக்கு ஏழு.

வாலிலிருந்து தலைவரை அடிமேல் அடி வைத்து அளந்து, தேதியோடு நோட்டில் எழுதிக்கொண்டேன். "இத்த கொழம்பு வெக்க நம்ம ஊட்டு ட்ரம்மே பத்தாது" என்றார் அப்பா. கூட்டம் சிரித்தது. கம்பெனியிலிருந்து அவர் வாங்கிவந்த, மூடியில்லாத அந்த நீல ட்ரம்மில்தான் நாங்கள் வாரத்துக்கான தண்ணீரைப் பிடித்து வைப்போம்.

மெர்சி சிரிக்கவில்லை. என் தோளில் சாய்ந்திருந்த அவள் கன்னம் சுட்டது. காலையில் முகம் கழுவும்போதே தலை வலிப்பதாகச் சொல்லியிருந்தாள். "சொல்லாதக்கா, உட்டுட்டுப் பூடுவாங்க." நான் சொல்லவில்லை. பயணம் நின்றுவிடும் என்பது எனக்கும் தெரியும்.

மறுநாள்தான் காய்ச்சல் வீட்டுக்குத் தெரிந்தது. "அம்மாம் பெர்சா ஒன்ன காட்டுனா கொயந்த பயந்துக்காம இன்னா பண்ணும்?" என்றார் எதிர்வீட்டு அத்தை. 'பயந்த காச்சல்' என்று பெயரும் வைத்தார். கயிறு கட்டினார்கள், பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபித்தார். வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது, பயம் தெளிந்துவிட்டது என்று அம்மா கஞ்சி ஊட்டினார். அன்று மாலையே கைகால் சில்லிட்டு, மூக்கில் ரத்தம் வந்தது.

எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "திமிங்கலம் பாத்த மறுநாள்லேர்ந்து சார்" என்று சொல்லி, அப்பா விரல்விட்டு எண்ணி நான்கு என்றார். ஐந்து என்று தெரிந்த நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கொசுவால் வந்த காய்ச்சல், விட்ட பிறகுதான் ஆபத்து என்றார் டாக்டர். மெர்சி வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இறந்தாள். ஒரு நாள் கணக்கால் எதுவும் மாறியிருக்காது என்று வேறொரு மருத்துவர் பிற்பாடு சொன்னார். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் இரண்டைப் பற்றியும் நிறையப் படித்தேன். திமிங்கலம் மூச்சு விட நீருக்கு மேலே வருகிறது. கொசுப்புழுவும் அப்படித்தான் வருகிறது. வேறு ஒற்றுமை எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது வாரம் ஒருமுறை சுகாதாரப் பணிப்பெண் வந்து தண்ணீர்த் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்து, கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் தேதி போட்டுவிட்டுப் போகிறார். நீல ட்ரம் இல்லை. அப்பாவும் இல்லை. டாக்டர் சொன்ன பிறகும், "நான்தானே இட்டுக்கினு போய்க் காட்னேன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, பழைய நோட்டை எடுத்து, திமிங்கலத்தின் அளவுக்குக் கீழே எழுதினேன்: போவதற்கு முன்பே மெர்சிக்குத் தலைவலி இருந்தது.