எங்கள் தெருவுக்கு வரி போட்ட நாள்

வரி போடுங்கள் என்று யாராவது கெஞ்சுவார்களா? எங்கள் தெருவில் எல்லோரும் கெஞ்சினார்கள். ஒரகடம் பக்கம் அப்போதுதான் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் வீடுகள் ஏரியை ஒட்டிய புறம்போக்கில் இருந்தன. யாருக்கும் பட்டா கிடையாது. எங்களைக் காலி செய்ய வைக்க வேண்டும் என்று யாரோ கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார்கள். வீட்டு வரி ரசீது மட்டும் கையில் இருந்துவிட்டால் எவராலும் அசைக்க முடியாது என்று அப்பா நம்பினார். தெருவே அப்படித்தான் நம்பியது.

அதற்காகவே அம்மாவின் தம்பியை ஓட்டுப் போட்டுப் பேரூராட்சி மன்றத்துக்கு அனுப்பினார்கள். மாமா மணல் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர். கவுன்சிலர் ஆனதும் வெள்ளை வேட்டிக்கு மாறினார். அது அவர் இடுப்பில் நிற்கவே நிற்காது.

"ஊரே வரி கட்டாம ஓடி ஒளியுது. உங்கப்பா இன்னாடான்னா எனக்குப் போடு, எனக்குப் போடுன்னு கூவிக்கினு கீறாரு" என்று எதிர்வீட்டு அத்தை என்னைச் சீண்டுவாள். வரி போடச் சொல்லித் தெருவே கொடுத்த மனுவில் அவளும் கைநாட்டு வைத்தவள்தான்.

மன்றக் கூட்டத்தன்று அப்பா என்னையும் கூட்டிப்போய், அலுவலக ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒருவர் தீர்மானங்களை வேகவேகமாக வாசித்தார். எங்கள் தெருவின் பெயர் வந்ததும் மாமா இரண்டு கையாலும் மேசையைத் தட்டினார். பிறகு வடை வந்தது. வடையைப் பார்த்ததும் தலைவர், "மிச்சம் எல்லாம் ஆல் பாஸ்தானே?" என்றார். எல்லோரும் தட்டினார்கள். மாமாவின் சத்தம்தான் பெரிது. நானும் ஜன்னல் கம்பியில் தட்டினேன்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வீடு எண் எழுதிய தகரத்தை அடித்துவிட்டுப் போனார்கள். அம்மா அதற்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். அத்தை கற்பூரமே காட்டினாள். அப்பா முதல் ஆளாகப் போய் வரி கட்டி, ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார்.

மழைக்காலம் முடிந்ததும் பொக்லைன் வந்தது, போலீசும் வந்தது. அப்பா உறையோடு ஓடினார். அதிகாரி ரசீதைப் பொறுமையாகத்தான் பார்த்தார்.

"இது வரிக்கு ரசீதுய்யா, நெலத்துக்கு இல்ல. வழக்க எதிர்க்கப் போறதில்லன்னு உங்க மன்றமே தீர்மானம் போட்டிருக்கு. உங்களுக்கு வரி போட்ட அதே கூட்டத்துல."

அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நம்ம தெரு பேரு வந்த சந்தோஷத்துல தட்டிக்கினே இருந்துட்டேன் மாமா. அப்பால இன்னா படிச்சாங்கன்னு காதுலயே வுழல."

அப்பா அவரைத் திட்டவில்லை. அம்மாதான் மண்ணை வாரித் தூற்றினாள், தம்பி மேலா பொக்லைன் மேலா என்று தெரியாதபடி. தகரம் கதவோடு போய்விட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக் குடிபோனோம். மாமா அதன் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. மறு வருடம் ஒரு காலையில் அப்பா குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, என்னோடு பஸ் ஏறினார். பழைய ஊரில், அதே அலுவலகத்தில், வரி கட்டும் வரிசையில் நின்றார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கதவு எண்ணைக் கேட்டார். அப்பா தெளிவாகச் சொன்னார்.

"அப்பா, நம்ம வூடுதான் இல்லியே?" என்றேன்.

அவர் குனிந்து என் வாயைப் பொத்தினார்.

"கத்தாதம்மா. அவங்களுக்கு ஞாபகம் வந்துடப் போவுது."

ரசீது வந்தது. அப்பா அதை அதே உறையில் போட்டார். ஆபீஸ்காரர்களை நாங்கள் ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே குஷி. அலுவலகத்தை விட்டு வெளியே வரும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டே நடந்தேன். வந்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா ஏன் கூடச் சிரிக்கவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.