கூட்டித் தள்ளிய ஈயம்

பெரியகல்லாற்றில் வாவியோரமாக ஒரு வீட்டு வளவு. முன்பு அங்கிருந்த குடும்பம் பழைய பற்றரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, வீச்சுவலைக்குக் குண்டு வார்த்து விற்றது. அவர்கள் ஊரை விட்டுப் போனபின் வளவு பாலர் பாடசாலைக்குக் கிடைத்தது. சுவரில் மயிலும் முயலும் வரைந்தாயிற்று. மண்ணில் ஈயம் தங்கியிருக்கிறதா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி வந்து, அளவு எல்லைக்குள்தான் இருக்கிறது, திறக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. மண் பரிசோதிக்கும் அரச உத்தியோகத்தில் இருந்ததால் அதில் நானும் ஒப்பமிட வேண்டியிருந்தது.

எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். அறிக்கையை வாசித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் வைத்துப் பார்த்தது ஆலை நிலத்துக்கான எல்லையை. சப்பாத்தோடு நின்று வேலை செய்து, கைகழுவிச் சாப்பிடும் பெரியவர்களுக்கானது அது. நாலு வயதுப் பிள்ளை நிலத்தோடு நிலமாகக் கிடக்கும். உடம்பு சிறியது, விரலோடு வாய்க்குள் போகும் மண் அதிகம். ஈயம் பிள்ளையின் மூளையைக் கெடுத்தால் அதைத் திருப்பித் தர மருந்து இல்லை. கம்பனிக்காரருக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினேன். பிள்ளைகளுக்கான எல்லையை வைத்துப் பார்த்தாலும் சரிவரும் என்றார் அவர் பொறுமையாக. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மயிரிழையில் சரிதான் வந்தது. தொலைபேசியை வைத்துவிட்டேன், மனம் மட்டும் அடங்கவில்லை.

மறுநாள் காலையில் நேரே அந்த வளவுக்குப் போனேன். பாலர் பாடசாலை டீச்சர் ஈர்க்குமாற்றால் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டிய மண்ணையும் சருகையும் வேப்பமரத்தடியில் தள்ளினார்.

“கம்பனி ஆக்கள் எங்க டீச்சர் மண் எடுத்த?”

“முத்தத்துக்கு நடுவிலதான். நான் விடியவே வடிவாக் கூட்டி வெச்சிருந்தன். ஆக்கள் வாற நேரம் குப்பையாக் கிடந்தா நல்லாவா இருக்கும்?”

“மரத்தடியில எடுக்கல்லயா?”

“அது குப்ப தள்ளுற இடம்தானே கா. அங்க ஆரு எடுப்பாங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடிந்ததும் முற்றம் கூட்டாத வீடு எங்கள் பக்கத்தில் ஏது? ஈயம் உருக்கிய வீட்டிலும் தினமும் கூட்டித்தான் இருப்பார்கள். அந்தத் தூளெல்லாம் முற்றத்தை விட்டு மரத்தடிக்குப் போயிருக்கும். அந்த வளவில் நிழல் என்று இருந்தது அந்த ஒரு மரம்தான். பிள்ளைகள் வேறெங்கே போய் விளையாடுவார்கள்?

மரத்தடி மண்ணை நானே எடுத்துப் பரிசோதித்தேன். பிள்ளைகளுக்கான எல்லை கிடக்கட்டும், ஆலை நிலத்துக்கான எல்லையையே அது தாண்டி நின்றது.

கூட்டம் வைத்தார்கள். கம்பனிக்காரர் அசரவில்லை. “முழு வளவுக்கும் சராசரி எடுத்தா இப்பவும் பிரச்சினை இல்லை,” என்றார்.

“பிள்ளையள் சராசரியில விளையாடுறயில்ல சேர். மரத்துக்குக் கீழதான் விளையாடுற,” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒப்பமிடும்படி என்னை அவசரப்படுத்திக்கொண்டிருந்த மேலதிகாரி பேனையை மூடி வைத்தார். “மண்ண அள்ளின பிறகுதான் திறக்கிற,” என்றார். அன்றைக்கு ஸ்கூட்டியில் வீடு போகும்வரை பாடிக்கொண்டே போனேன். எனக்குப் பாட வராது என்பது ஊரறிந்த விஷயம்.

மரத்தடியை ஆழமாகத் தோண்டி நச்சு மண்ணை மூடிக் கட்டி அகற்றினார்கள். வவுணதீவுப் பக்கமிருந்து புது மண் வந்தது. அதையும், வளவின் மூலை முடுக்கெல்லாம் எடுத்த மண்ணையும் நானே பரிசோதித்தேன். பிள்ளைகளுக்கான எல்லைக்கு வெகு கீழே இருந்தது. பிறகுதான் ஒப்பமிட்டேன்.

திறப்பு விழாவன்று ஒரு சின்னப்பெண் மரத்தடியில் சிரட்டையில் மண்ணைக் குழைத்துக் கறி காய்ச்சினாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். டீச்சர் பதறிப்போய் ஓடினார்.

“விடுங்க டீச்சர்,” என்றேன்.

அவள் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “உப்புக் காணா.”