அழகப்பன் சொன்ன நட்சத்திரம்

எழுத்து எழுத்தாக விரலை வைத்து, உதடு அசைய, முயல்குட்டிக் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறார் அழகப்பன். நாற்பது வயது. சிங்கப்பூரில் சுண்ணாம்புக் கம்பம் என்கிற பேட்டையில், சுண்ணாம்புச் சூளையில் வேலை. கண் இமைவரை வெள்ளை. மதியச் சோற்றுக்கு மணியடித்தால் மற்றவர்கள் சட்டியைத் திறப்பார்கள், இவர் பத்திரிகையைத் திறப்பார். அதுவும் எப்படிப்பட்ட பத்திரிகை! யாழ்ப்பாணத்திலிருந்து மாதம் ஒருமுறை கப்பலேறி வரும் சிறுவர் பத்திரிகை.

"பச்சப்புள்ள படிக்கிறதப் போயி படிக்கிறியேய்யா!" என்று கூட வேலை செய்யும் அஸ்மத் சீண்டுவார்.

"வேற எது எனக்குப் புரியுது? இந்த மண்டூகத்துக்கும் புரியற மாதிரி எழுதுறது விஸ்வலிங்கம் வாத்தியார் ஒருத்தர்தான். அவரு எனக்குச் சாமி."

பேச்சுக்குச் சொன்னதல்ல. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர், முகம்கூடப் பார்த்திராத அந்த வாத்தியாரின் கதைகளை வைத்தே படிக்கக் கற்றுக்கொண்டார். முயல்குட்டி தொலைந்துபோன மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை, பாவம்.

தை மாதப் பத்திரிகையில் கதை இல்லை. வாத்தியார் நெஞ்சுநோயில் படுத்திருக்கிறார் என்று நாலு வரிதான். அந்த வெள்ளிக்கிழமையே ரிக்‌ஷாக்களுக்கு நடுவே புகுந்து, சிராங்கூன் சாலைக் காளியம்மன் கோயிலுக்கு ஓடினார் அழகப்பன். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள், "பேரு? நட்சத்திரம்?" என்றார். பேர் தெரியும், நட்சத்திரத்துக்கு எங்கே போவது? திருதிருவென்று விழித்தவர், வாயில் வந்த தம் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டார்: "பூரட்டாதி, சாமி." அடுத்தடுத்த வெள்ளிகளிலும் அதே கதைதான்.

சித்திரைக் கப்பலில் கறுப்புக் கட்டம் போட்ட பத்திரிகை வந்தது. வாத்தியார் போய்விட்டார். அந்தச் சேதியை எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. படித்தவர் அஸ்மத்தின் பக்கம் திரும்பினார்.

"அஸ்மத்து, வருஷா வருஷம் எனக்கு இருமல் வந்து ரத்தமாக் கக்குவேனே, இந்த வருஷம் வந்துச்சா?"

"இல்லையே. நல்லாத்தானே இருக்கே."

"அதான்யா! அவருக்குக் கேட்டதெல்லாம் என் நட்சத்திரத்துக்கு வந்துடுச்சு. அவரு ஆயுச நான் தின்னுட்டேன்யா!" குழந்தையைப் போல ஏங்கி ஏங்கி அழுதார்.

"அட, அப்படியெல்லாம் இல்லப்பா" என்ற அஸ்மத்தின் சொல் காதில் ஏறவில்லை.

வேலைக்குத் திரும்பச் சொல்லி மணியடித்தது. நீற்றிய சுண்ணாம்பைச் சலிக்கப் போனவர்கள், தூசு நெஞ்சுக்குள் போகாமல் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டார்கள். அழகப்பன் தம் துண்டை அவிழ்த்து வேலியில் போட்டுவிட்டு, சல்லடையைக் கையில் எடுத்தார்.