ஒன்பது புள்ளி ஒன்று

பொம்மனஹள்ளியில் வெள்ளரிப் பிஞ்சை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே ஒன்பது வருடமாக உப்பு கரைத்தவள் சரளா. தராசில் டிரம்மை ஏற்றி, அதன் எடையைத் தள்ளிவிட்டு, பத்து கிலோ உப்பைக் கொட்டுவாள். மொத்தம் நூறு கிலோ ஆகும்வரை தண்ணீர் ஊற்றுவாள். பத்து சதவீதம் கச்சிதமாக நிற்கும். ஒரு நாளும் குறை வந்ததில்லை.

தொண்ணூற்றெட்டில் காக்ஸ் டவுனிலிருந்து ரெமிஜியஸ் சூப்பர்வைசராக வந்தார். பட்டம் வாங்கியவர், அதை யாரும் ஒரு நிமிடம்கூட மறந்துவிடக் கூடாது அவருக்கு.

"தராசெல்லாம் டைம் வேஸ்ட். நூறு லிட்டர் தண்ணிக்குப் பத்து கிலோ உப்பு, அவ்ளோதான்" என்றார்.

"அப்போ மொத்தம் நூத்திப்பத்து கிலோ ஆயிடுதே சார். பத்து பர்சன்ட் வராது."

"எட்டாவது ஃபெயிலு, நீ எனக்குக் கணக்கு சொல்லித் தர்றியா?"

சொன்னபடியே செய்தாள். சரக்கு வாங்கியவர்கள் சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். கூடவே வந்த தாளில் உப்பு 9.1 சதவீதம் என்று இருந்தது. ரெமிஜியஸ் கொஞ்சமும் கூசவில்லை. ஷிஃப்ட் விடும் நேரத்தில், கேட்டில் நாற்பது பெண்களுக்கு முன்னால், சரளாவின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ் உருண்டது.

"டிரம்முக்கு ஒரு கிலோ உப்பைத் திருடுறா" என்றார்.

எவ்வளவு அநியாயம் பாருங்கள். தப்பு அவருடையது, திருட்டுப் பட்டம் இவளுக்கு.

மறுநாள் காலை நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"பத்து கிலோவையும் நான் முழுசா போட்டிருந்தா, நூத்திப்பத்துல பத்து. நீங்களே போட்டுப் பாருங்க, ஒன்பது புள்ளி ஒண்ணு. ஒரு கிலோ எடுத்திருந்தா நூத்தியொம்பதுல ஒன்பது. எட்டேகால்தான் வந்திருக்கும். நான் திருடலன்னு உங்க தாளே சொல்லுது சார்."

மேனேஜர் கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். பிறகு ரெமிஜியஸைக் கூப்பிட்டனுப்பினார்.

ரெமிஜியஸ் ஜன்னலைப் பார்த்தபடி, "சின்ன மிஸ்டேக். சாரி" என்று முணுமுணுத்தார்.

"சரிம்மா, விடு. போய் வேலையப் பாரு" என்றார் மேனேஜர்.

சரளா நகரவில்லை. "இந்த ரூம்ல வெச்சா என்னைத் திருடின்னு சொன்னாரு? கேட்டுல வந்து சொல்லட்டும் சார். பையோட நிக்கிறேன்."

அன்று சாயங்காலம் ரெமிஜியஸ் பின்பக்க கேட் வழியாக நழுவிவிட்டார். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவர் பின்பக்கம் வந்தபோது, சரளாவோடு நாற்பது பெண்களும் அங்கே நின்றிருந்தார்கள்.