ஒரு கட்டுக்கு ஒரு வாளி ரத்தம்

உலகத்தில் இதுவரை செத்துப்போனவர்கள் எல்லாரும் லுட்வினாவின் மணத்தக்காளிக் கீரையைத் தின்னாததால்தான் செத்தார்கள். தின்றவர்களிலும் சிலர் செத்திருக்கிறார்கள். அவர்கள் தண்டை ஒதுக்கிவிட்டு இலையை மட்டும் தின்றவர்கள். ஒரு கட்டுக்கு ஒரு வாளி ரத்தம் ஊறும். இரண்டு கட்டு தின்ற கிழவர் ஒருவர், தான் மலையிலிருந்து இறங்க மாட்டேன், மலை வேண்டுமானால் இறங்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். மலை இறங்கியது.

இத்தனையும் ஹேகன் என்ற மலையூர்ச் சந்தையில், காலி பியர் பெட்டியைக் கிழித்த அட்டை ஒன்றில், அடுப்புக்கரியால் எழுதி நிறுத்தியிருந்தது. எழுதியவன் லுட்வினாவின் தம்பி மகன் கூரி. வயது பதினேழு. நல்ல பையன், அறிவாளி என்று ஊரில் ஒருவரும் அவனைச் சொன்னதில்லை; அதனால் இங்கே ஒரு முறை சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் அவனுக்கும் எட்டாம் வகுப்போடு மனத்தாங்கல்.

"என்னடா எழுதியிருக்க?" என்றாள் லுட்வினா. அவளுக்குப் படிக்கத் தெரியும், கிட்டத்து எழுத்துதான் கண்ணுக்குத் தெரியாது.

"கீரை நல்லா இருக்கும்னு எழுதியிருக்கேன், அத்தை."

"அதுக்கு இவ்வளவு எழுத்தா?"

"ரொம்ப நல்லா இருக்கும்னு எழுதியிருக்கேன்."

லுட்வினாவுக்கு நாற்பத்தாறு வயது. கால் நூற்றாண்டாக அதே இடத்தில், அதே நீலத் தார்ப்பாயில் உட்கார்ந்து, சந்தையில் கரகப் என்று கூவப்படும் அந்தக் கீரையை விற்கிறாள். தோட்டம் இருப்பது ஒரு செங்குத்துச் சரிவில். அங்கே களை பறிக்கும்போது கால் வழுக்கினால் பக்கத்துத் தோட்டத்தில் விழ முடியாது, பக்கத்து ஊரில்தான் விழலாம். விடியும் முன்பே ஏறி, பனியோடு கொழுந்தைக் கிள்ளி, பிலும் என்ற பின்னல் பையில் அடைத்து, பையின் வாரை நெற்றியில் மாட்டி முதுகில் சுமந்து வருவாள். அடுப்புச் சாம்பலை ஒரு கை விடாமல் பாத்திக்குத்தான் கொட்டுவாள். "மனுசன் பசிச்சா கத்துவான், செடி கத்தாது, நாமதான் பாத்துக்கணும்" என்பாள். மனுசர்களிடம் அவளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கீரைக்கட்டை அமுக்கிப் பார்க்கிற போலீஸ்காரன் கையிலேயே அடித்திருக்கிறாள்.

உடம்பில் கட்டி வந்தவனுக்கு இலையை அனலில் வாட்டி வைத்துக் கட்டச் சொல்வாள். பிள்ளை பெற்றவளுக்குப் பன்றிக் கொழுப்பில் வதக்கச் சொல்வாள். குழந்தைகள் கேட்டால் கறுத்துப் பழுத்த பழத்தை மட்டும் கொடுப்பாள். பச்சைக் காயில் விஷம். கூரி எட்டு வயதில் பந்தயம் கட்டி ஒரு கைப்பிடி பச்சைக் காயைத் தின்று, இரண்டு நாள் குடலைக் கக்கினான். அதிலிருந்து அந்தச் செடியின் வாசனை பட்டாலே அவனுக்குக் குமட்டும். இது ஒருவருக்கும் தெரியாது. தட்டில் விழுகிற கீரை எந்த வழியாகப் போகிறது என்பது வீட்டுப் பன்றிக்கு மட்டும் தெரியும். அது ரகசியத்தைக் காத்து, பளபளவென்று கொழுத்திருந்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, கூரியின் அப்பா கெவா, நெட்டையான மலைத்தாழை மரத்தில் காய் வெட்ட ஏறியவர், காய்க்கு முன்னால் தானே விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிப் போட்டுப் பார்த்தார்கள். எலும்பு கோணலாகக் கூடியது. திரும்ப உடைத்துக் கம்பி வைக்க வேண்டும். எலும்பு டாக்டர் வெளியூர்க்காரர், இன்னும் பத்து வாரத்தில் வருவார். அதற்குள் சொந்தக்காரர்கள் இரண்டு பை ரத்தம் தர வேண்டும், இல்லாவிட்டால் கத்தியைத் தொட மாட்டார்.

கெவாவின் மச்சான் கடைசி வாரத்தில் ஒரு பை தருவதாகச் சொல்லிவிட்டான். இன்னொரு பைக்கு ரத்த வகை பொருந்தியவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஊசியைப் பார்த்ததும் தன் காபிக் கொட்டை நனைகிறது என்று ஓடினான். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மிச்சம் லுட்வினா.

"எடுத்துக்கோ! ஒரு பை என்ன, ரெண்டா எடு. இது கரகப் ரத்தம்!" என்று கையை நீட்டினாள்.

ரத்தம் பார்க்கிற வாகி கடற்கரைப் பக்கத்து ஆள், சத்தமாகவே பேசத் தெரியாதவர். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். சின்னப் பெட்டியில் வைத்தார். பெட்டியைத் தட்டினார். இன்னொரு விரலில் குத்தினார்.

"அக்கா... பத்து புள்ளி ஒண்ணு."

"பத்துக்கு மேலயா! பாத்தியாடா கூரி!"

"பன்னண்டரை இருக்கணும், அக்கா. உங்களுக்கு ரத்தம் கம்மி. உங்ககிட்டேருந்து எடுக்க முடியாது, உங்களுக்குத்தான் குடுக்கணும் போல."

அடுத்த பெஞ்சில் மருந்துக்குக் காத்திருந்தவள் தெக்லா. சந்தையில் லுட்வினாவுக்கு எதிர்த் தார்ப்பாய், கீரைக்கு எதிர்க் கீரை. லுட்வினா வண்டியேறிச் சந்தைக்கு வருவதற்குள் செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து, தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தது.

"ஏ லுட்வினா, வாளி எங்கடி? ஓட்டை விழுந்துடுச்சா?" என்றாள் தெக்லா.

"உன் வாய் மாதிரியா?"

"என் வாய் ஓட்டைதான். ஆனா நான் விக்கிறதை நானே திங்கிறவ. நீ காலையில என்ன தின்ன? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

லுட்வினா அடுக்கிய கட்டுகளையே மறுபடி அடுக்கினாள். காலையில் தின்றது மாவு உருண்டை இரண்டு, சர்க்கரை அள்ளிப் போட்ட கட்டி டீ. மத்தியானம் நூடுல்ஸ், டீ. ராத்திரி ஆறிப்போன சர்க்கரைவள்ளிக் கிழங்கு, டீ. நல்ல கட்டு சந்தைக்கு, நடுத்தரக் கட்டு ஒரே கூரையில் இருக்கும் தம்பி குடும்பத்துக்கு, பூச்சி அரித்தது பன்றிக்கு. கால் நூற்றாண்டாக ஊருக்கெல்லாம் ரத்தம் விற்றவள், தன் தட்டில் ஓர் இலை போட்டுக்கொண்டதில்லை.

அன்று சாயங்காலம் கடைசிப் பத்துக் கட்டை அவள் விற்கவில்லை. "விக்கிறதுக்கில்ல, போ" என்று வாங்க வந்த நர்ஸையே விரட்டினாள். வீட்டில் சட்டியை ஏற்றி, கொழுப்பை உருக்கி, இஞ்சியைத் தட்டிப் போட்டு, கீரையை மலைபோல் குவித்தாள். அது வெந்து ஒரு கைப்பிடியானது. தின்றாள். மறுநாளும் தின்றாள். வாகி கொடுத்த இரும்பு மாத்திரையையும் விழுங்கினாள். அது அட்டையில் எழுதப்படவில்லை. கெவா கட்டிலில் கிடந்தபடி, "அக்கா, என் காலுக்காக நீ ஆடு மாதிரி தழை திங்கிற" என்றார். "நீ குரங்கு மாதிரி மரம் ஏறினதுக்கு நான் ஆடானா என்ன" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று, முகத்தைப் பையால் துடைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் மறுபடி விரலை நீட்டினாள்.

"பத்து புள்ளி நாலு," என்றார் வாகி.

"உன் பெட்டி கெட்டுப்போச்சு!"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. கீரையோட என்ன சேத்துக்குறீங்க?"

"ஒண்ணும் இல்ல. டீ மட்டும்."

வாகி முதல் முறையாகச் சத்தம் போட்டார். "டீயா!"

பிறகு அவர் விளக்கியது கூரிக்குப் புரிந்த அளவில் இதுதான். கீரையில் இருக்கிற இரும்பு கூச்ச சுபாவம் உள்ளது. இறைச்சியில் இருக்கிற இரும்பு மாதிரி கதவைத் தட்டாமல் உள்ளே வராது. புளிப்பு ஒன்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்: ஓர் எலுமிச்சை, ஒரு கொய்யா. இலையிலேயே கொஞ்சம் புளிப்புச் சத்து உண்டு, அதை அரை மணி நேரம் வேகவைத்துக் கொன்றுவிடுகிறார்கள். டீயில் இருக்கிற துவர்ப்பு வாசலில் நிற்கிற அடியாள். இரும்பைக் கண்டால் கட்டிப்பிடித்து, வயிற்றின் பின்வழியாக வெளியே தள்ளிவிடும். மாத்திரைக்கும் அதே கதி. கண்ணுக்கு நல்லது செய்கிற மஞ்சள் சத்துக்குக் கொழுப்பு வேண்டும், அதை மட்டும் லுட்வினா சரியாகச் செய்திருந்தாள். இதெல்லாம் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருந்ததாம். இருக்கலாம். அந்தப் பக்கத்தைக் கிழித்து யாரோ புகையிலை சுருட்டிக் குடித்துவிட்டார்கள்.

"சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ குடிங்க. கூட மட்டும் வேண்டாம்," என்றார் வாகி.

"சரி, விட்டேன். டீயே விட்டேன்!" என்று மாதா மேல் சத்தியம் செய்தாள் லுட்வினா.

சத்தியம் அன்று மத்தியானம் வரை நின்றது. வேண்டுமென்று செய்யவில்லை. கீரையை வாயில் வைத்ததும் கை தானாகக் கெண்டிக்குப் போனது, அவ்வளவுதான். ராத்திரி கூரியின் அம்மாவுக்குத் தெரியாமல் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து குடித்தாள். இன்னும் ஐந்து வாரம்தான். டாக்டர் வந்து பை இல்லை என்று திரும்பிப் போனால், தம்பியின் கால் கோணல்தான், ஆயுசுக்கும்.

மறுநாள் டீத்தூள் டப்பாவைக் காணவில்லை.

"எலி," என்றாள் கூரியின் அம்மா.

"டப்பாவோடயா?"

லுட்வினா வேறு டப்பா வாங்கினாள். மூன்றாம் நாள் அதுவும் போனது. அடுத்ததைத் துணிக்குள் சுற்றிக் கூரையில் செருகினாள். துணி இருந்தது. தெக்லாதான் ஆள் வைத்து எடுக்கிறாள் என்று முடிவு செய்து, சந்தையில் போய் நின்றாள்.

"என் டீயைக் குடுடி!"

"உன் டீயைத் திருடி நான் என்னடி பண்ணப் போறேன்? எனக்கென்ன வேண்டுதலா, ரத்தம் குறைக்கணும்னு?"

சந்தை சிரித்தது. லுட்வினா கையில் கிடைத்த முள்ளங்கியை ஓங்கினாள். தெக்லா சிரித்தபடியே தன் கூடையிலிருந்து நாலு எலுமிச்சையை எடுத்து அவள் தார்ப்பாயில் உருட்டிவிட்டாள். "இதைப் புழிஞ்சு தின்னு. உன் தம்பி நடந்து வந்து என்கிட்டயும் ஒரு கட்டு வாங்கட்டும்." முள்ளங்கி கீழே இறங்கியது.

நாலாவது டப்பா வாங்க லுட்வினா போகவில்லை. எந்த டப்பா வாங்கினாலும் போகத்தானே போகிறது! கொழுந்தைச் சட்டியில் ஒரு கொதி காட்டி இறக்கி, எலுமிச்சை பிழிந்து, பச்சைத் தண்ணீரைக் குடித்தாள். முதல் மூன்று நாள் தலைவலி, எல்லார் மேலும் எரிச்சல், பன்றியைக்கூடத் திட்டினாள். பிறகு ஒரு காலை, சரிவில் ஏறும்போது எப்போதும் மூச்சு வாங்குகிற பாறையைத் தாண்டிவிட்டதைக் கவனித்தாள். நின்று திரும்பிப் பார்த்தாள். பாறை கீழே இருந்தது.

"ஏய்ய்ய்!" என்று பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கக் கத்தினாள். எதிர் மலையில் யாரோ சாவுச் சேதி என்று நினைத்துப் பதில் குரல் கொடுத்தார்கள்.

பத்தாவது வாரம் பாதி ஊர் அந்த அறை வாசலில் நின்றது. தெக்லா எல்லாருக்கும் முன்னால். வாகி குத்தினார். பெட்டியில் வைத்தார். எண் வருவதற்குள் லுட்வினா நாலு முறை சிலுவை போட்டாள்.

"பன்னண்டு புள்ளி ஏழு."

அந்தச் சத்தத்தில் அடுத்த வார்டில் ஒரு குழந்தை விழித்து அழுதது. லுட்வினா படுக்கையில் ராணி மாதிரி சாய்ந்தாள். கறுத்த சிவப்பில் பை நிறைந்தது. மேலே ஒட்டிய சீட்டில் கெவாவின் பெயர். (அந்தக் கம்பி வைத்த காலில் அவர் இப்போது கோல் ஊன்றி நடந்து, பன்றியை விரட்டுகிறார்.)

பை பாதி நிறைந்திருக்கும்போது அவள் கண் கூரி மேல் விழுந்தது.

"இவனையும் பாருங்க."

"வயசு பத்தாது, அக்கா. பதினெட்டு ஆகணும்."

"குடுக்கத்தானே பதினெட்டு? ஒரு சொட்டு பாக்க என்ன? அட்டையில வாளி வாளியா எழுதினவன். இவனுக்கு எவ்வளவு ஊறியிருக்குன்னு ஊரு பாக்கட்டும்."

கூரி வாசலைப் பார்த்தான். வாசலில் தெக்லா நின்றாள். விரலை நீட்டினான்.

வாகி எண்ணைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், குரலை இன்னும் தணித்தார். "பத்து புள்ளி ஒம்பது. தம்பி, சாப்பாட்டோட டீ குடிக்கிறியா?"

லுட்வினா ஊசி இல்லாத கையின் விரல்களை மெதுவாக மடக்கினாள். முதல் டப்பா. இரண்டாவது டப்பா. கூரையில் செருகின மூன்றாவது.

"எலி," என்றான் கூரி.

"கொட்டிட வேண்டியதுதானேடா? குடிப்பியா?"

"வீணாப் போகுமேன்னு..."

"அப்ப கீரை? நான் தினம் உன் தட்டுல வச்ச கீரை?" என்று கேட்டவள் தானே நிறுத்தினாள். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அதான் அந்தப் பன்னி அப்படிப் பளபளன்னு இருக்கு!"

ஊசி இல்லாத கை நீண்டு அவன் காதைப் பிடித்தது. திருகும் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிடித்தபடியே இருந்தது, விடவும் இல்லை, திருகவும் இல்லை.

"நாளையிலேருந்து என் முன்னாடி உக்காந்து திங்கிற. எலுமிச்சை புழிஞ்சு. முழுங்குறத நான் பாக்கணும். அப்புறம் அந்தப் பொய் அட்டையைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு, நடந்ததை நடந்தபடி எழுது. டப்பா மூணையும் எழுது. பன்னியையும் விடாத."

விடவில்லை, அத்தை.